குறைந்த செலவில் ஹெவி பேக் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குத்துச்சண்டை, கிக்பாக்சிங், முவாய் தாய், கராத்தே என்று எதைப் பயின்றாலும் ஒரு கட்டத்தில் வீட்டில் சொந்தமாக ஒரு ஹெவி பேக், அதாவது தொங்கவிட்டு அடித்துப் பழகும் கனமான பஞ்சிங் பேக் வேண்டும் என்ற ஆசை வரும். அப்போது எல்லோரும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றே. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். கையில் இருக்கும் பணம் குறைவு என்றால் அது இரண்டு இடங்களில்தான் போக வேண்டும்: பையின் தையல், அதைத் தொங்கவிடும் இரும்புச் சாமான். மற்றதை எல்லாம் உழைப்பால் ஈடுகட்டலாம். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கை ஒட்டியே போகும்.

புதுசா ஆரம்பிக்கிறேன். எத்தனை கிலோ பை வாங்கணும்?

உங்கள் உடல் எடையில் பாதி என்பது நெடுநாளாகப் பயிற்சிக்கூடங்களில் புழங்கும் கணக்கு. 60 கிலோ எடை உள்ளவருக்கு 30 கிலோ, 80 கிலோ உள்ளவருக்கு 40 கிலோ. உதைதான் முக்கியம் என்றால் இன்னும் 5 கிலோ கூட்டிக்கொள்ளலாம், ஏனென்றால் காலின் தள்ளு கையினுடையதைவிடப் பெரிது.

எடை குறைந்த பை ஒவ்வொரு அடிக்கும் விலகி ஓடும். இரண்டாவது அடிக்கு அது திரும்பி வரும்வரை நீங்கள் காத்திருப்பீர்கள், தொடர் அடி பழகவே முடியாது. மிகக் கனமான பையோ அசையவே அசையாது. அடியின் வேகம் முழுவதும் மணிக்கட்டுக்கும் தோளுக்கும் திரும்பி வரும், புதியவர்களுக்கு அதுதான் முதல் வலி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்றால் சற்று எடை குறைந்ததை எடுங்கள். குறைவானதில் பிறகு எடை சேர்க்க முடியும்.

மூணு அடி, நாலு அடி, ஆறு அடின்னு விக்கறாங்க. எந்த நீளம் சரி?

கையால் மட்டும் குத்துபவருக்கு 3 அடி (90 செ.மீ.) போதும். கையும் இடுப்பு உயர உதையும் பழகுபவருக்கு 4 அடி (120 செ.மீ.). தொடையிலும் கணைக்காலிலும் விழும் தாழ்ந்த உதை பழகும் முவாய் தாய்க்காரர்களுக்கு 6 அடி (180 செ.மீ.). இந்த நீளமான பையை ‘பனானா பேக்’ என்பார்கள்.

எதைப் பழகப் போகிறோம் என்று இன்னும் முடிவாகாதவர்கள் 4 அடியை எடுப்பதே நல்லது. 6 அடி பை நிரம்பினால் எளிதில் 45 கிலோவைத் தாண்டும். அதைத் தாங்கும் கூரையும், தூக்கி மாட்ட இன்னொரு ஆளும் வேண்டும். விட்டம் 30 முதல் 36 செ.மீ. வரை இருக்கட்டும். 25 செ.மீ. அளவில் வரும் ஒல்லியான பைகள் விலை குறைவாகத் தெரியும், ஆனால் பக்கவாட்டுக் குத்து அதில் வழுக்கிக்கொண்டு போகும்.

லெதர்தான் நல்லதா? ரெக்சின் சீக்கிரம் கிழிஞ்சிடுமா?

தோல் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் விலை பல மடங்கு. வியர்வையைத் துடைத்து, அவ்வப்போது தோலுக்கான எண்ணெயோ கிரீமோ தடவாவிட்டால் அதுவும் வறண்டு வெடிக்கும். வீட்டில் வாரத்துக்கு மூன்று நான்கு நாள் பயிற்சி செய்பவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

ரெக்சின் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மெல்லிய துணியின் மேல் பளபளப்பான பூச்சு ஏற்றியது. கைப்பைகளுக்கு ஆகும், குத்துக்கு ஆகாது. சில மாதங்களில் தோல் உரிவதுபோல் பூச்சு உரியும். இன்னொன்று, நெய்த பாலியஸ்டர் அல்லது நைலான் துணியின் மேல் பிவிசி ஏற்றிய தடித்த வகை. லாரிகளின் மேல் கட்டும் தார்ப்பாயின் இனம் அது. குறைந்த விலையில் நம்பி வாங்கக்கூடியது இதுதான். உறையின் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நெசவு தெளிவாக, நெருக்கமாகத் தெரிந்தால் நல்லது. பஞ்சுபோல் மென்மையான பின்னல் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

கேன்வாஸும் மலிவுதான், கிழியாது. ஆனால் சொரசொரப்பாக இருப்பதால் வெறுங்காலால் உதைப்பவரின் தோலைச் சிராய்க்கும். வியர்வையையும் உறிஞ்சும், அதனால் நாற்றம் வரும். கையுறையோடு குத்து மட்டும் பழகுபவருக்குக் கேன்வாஸ் தாராளமாகப் போதும்.

விலை கம்மியான பைல தரத்தை எப்படிக் கண்டுபிடிக்கறது?

தொங்கும் பட்டையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மேல்விளிம்பில் நான்கு அல்லது ஆறு வளையங்கள் இருக்கும். அவற்றைப் பிடித்திருக்கும் பட்டை விளிம்பில் மட்டும் நான்கு விரல் நீளத்துக்குத் தைக்கப்பட்டிருக்கிறதா, அல்லது பையின் பக்கவாட்டில் இறங்கி அடிப்பக்கத்தைச் சுற்றி மறுபுறம் ஏறுகிறதா என்று பாருங்கள். அடியைச் சுற்றி வரும் பட்டை முழு எடையையும் தானே தாங்கும். விளிம்புத் தையலை நம்பிய பட்டை இருந்தால், மேல்தையல் விட்ட அன்றைக்கே பை கீழே விழும். பட்டை பக்கவாட்டில் ஒரு சாண் அளவாவது இறங்கி, சதுரத்துக்குள் பெருக்கல்குறி போட்டதுபோல் தைத்திருந்தால் அதையும் ஏற்கலாம்.

அடுத்து நெடுந்தையல். இரண்டு வரிசை இணையாக ஓட வேண்டும். பையின் இரு பக்கமும் கையை வைத்து இழுத்துப் பாருங்கள், தையல் துளைகள் வாய் திறந்தால் நூல் மெல்லியது என்று பொருள். வளையம் முழுதாகப் பற்றவைத்ததாக இருக்க வேண்டும். வெறுமனே வளைத்து முனைகளைச் சேர்த்தது நாளடைவில் விரியும். ஜிப் இருந்தால் அது மேல்மூடியில் இருக்கட்டும், பக்கவாட்டில் வேண்டாம். கயிறு கோத்துக் கட்டும் மேல்மூடி ஜிப்பைவிட மெதுவானது, ஆனால் பழுதாகாது.

நிரப்பின பை வாங்கறதா, காலி உறையா?

பணம் குறைவென்றால் காலி உறை. நிரப்பிய பையின் விலையில் ஒரு பெரும்பங்கு 30, 40 கிலோ சரக்கை ஊர்விட்டு ஊர் கொண்டுவரும் செலவுதான். உள்ளே இருப்பதோ கழிவுத்துணி, அது உங்கள் வீட்டு அலமாரியிலும் தையல்காரரிடமும் கிடைக்கும். அதே பணத்தில் ஒரு படி உயர்ந்த உறையை வாங்கிவிடலாம்.

நேரமே இல்லாதவர்களுக்கு நிரப்பிய பை வசதி. ஆனால் வாங்குமுன் மேலிருந்து கீழ்வரை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். எல்லா இடமும் ஒரே அளவு அமுங்க வேண்டும். ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் முண்டு என்றால், அந்த முண்டில்தான் ஒருநாள் உங்கள் விரல்கணு விழும்.

எதை வெச்சு நிரப்பறது? மணல் மட்டும் போட்டா வேலை முடிஞ்சிடாதா?

மணல் மட்டும் போடவே போடாதீர்கள். காய்ந்த மணல் ஒரு லிட்டர் சுமார் 1.6 கிலோ. 35 செ.மீ. விட்டமும் 120 செ.மீ. நீளமும் உள்ள பையின் கொள்ளளவு சுமார் 115 லிட்டர். முழுதும் மணல் என்றால் 180 கிலோவுக்கு மேல் போகும். பாதி நிரப்பினாலும் மணல் அடியில் தங்கி இறுகும். அதில் குத்துவது சுவரில் குத்துவதற்குச் சமம்.

மரத்தூளும் உமியும் எடை குறைவானவை. ஈரத்தை இழுத்துப் பூஞ்சை பிடிக்கும், தூள் தையல் வழியே கசியும். தானியம் போட்டால் எலியும் வண்டும் வரும். ரப்பர் துருவல் நன்றாக இருக்கும், ஆனால் வாடை வீசும். எளிதாகக் கிடைப்பதிலும் கைக்கு இதமாக இருப்பதிலும் துணிக்கு நிகர் எதுவும் இல்லை. தையல்கடை வெட்டுத்துணி, பழைய பனியன், போர்வை, துண்டு எல்லாம் ஆகும். ஜீன்ஸ் போன்ற தடித்த துணியைச் சிறிதாக வெட்டிக் கலந்தால் எடை கூடும்.

நிரப்பற முறையைப் படிப்படியா சொல்லுங்க.

முதலில் பொத்தான், ஜிப், ஊக்கு, இரும்பு வளையம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். சட்டையில் மறந்துபோன ஒரே ஒரு உலோகப் பொத்தான் உறையை உள்ளிருந்து அறுக்கும். பிறகு துணியைக் கையகல, இரண்டு கையகலத் துண்டுகளாக வெட்டுங்கள். முழுச் சட்டையை அப்படியே சுருட்டித் திணித்தால் உருண்டைகளுக்கு நடுவே இடைவெளி விழும், அதுவே பிறகு குழியாகும். துணி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

உறையின் உள்சுவரை ஒட்டி 1 முதல் 2 செ.மீ. தடிமன் நுரைப்பாயைச் சுருட்டி வைத்தால் பை உருளையாக நிற்கும், கைக்கும் மென்மையாக இருக்கும். 35 செ.மீ. விட்டப் பையின் சுற்றளவு 110 செ.மீ. ஆகவே 120 செ.மீ. உயரம், 110 செ.மீ. அகலம் உள்ள பாய் போதும். பழைய யோகா பாய்கள் இரண்டை ஒட்டியும் செய்யலாம்.

அடியில் 15 செ.மீ. துணி போட்டு, உருண்டை முனை உள்ள மரக்கட்டையால் இடியுங்கள். நடுவில் மட்டும் இடித்தால் போதாது, ஓரத்தைச் சுற்றியும் இடிக்க வேண்டும். அடுத்து 15 செ.மீ. போட்டு மறுபடி இடியுங்கள். இப்படியே மேல்வரை. அவசரப்பட்டுக் கடைசியில் ஒரேயடியாகத் திணிப்பவர்களின் பைதான் ஒரு மாதத்தில் இடுப்பு ஒடிந்து நிற்கிறது. நிரப்பி முடித்ததும் தொங்கவிட்டு இரண்டு வாரம் பழகுங்கள். உள்ளடக்கம் ஒரு சாண் வரை இறங்கும், எனவே மிச்சத் துணியைத் தூக்கிப் போட்டுவிடாமல் வைத்திருந்து மேலே நிரப்புங்கள்.

துணியை எவ்வளவு இடிச்சும் 35 கிலோ வரலையே?

வராது. கையால் இடித்த துணி லிட்டருக்குக் கால் கிலோவிலிருந்து 300 கிராம் வரைதான் நிற்கும். மேலே சொன்ன 115 லிட்டர் பையில் 29 முதல் 35 கிலோ. 2 செ.மீ. நுரைப்பாய் வைத்திருந்தால் உள்ளே மிஞ்சும் இடம் சுமார் 90 லிட்டர், ஆகவே 23 முதல் 27 கிலோ. மீதியைத்தான் மணலால் ஈடுகட்ட வேண்டும்.

எட்டுக் கிலோ குறைகிறது என்றால் ஒரு கிலோ மணல் பொட்டலங்கள் எட்டு. உலர்ந்த மணலைத் தடித்த பிளாஸ்டிக் பைகள் இரண்டில் ஒன்றுக்குள் ஒன்றாக இட்டு, காற்றை வெளியேற்றி, அகலமான டேப்பால் சுற்றி, பழைய காலுறைக்குள் நுழைத்துக் கட்டுங்கள். துணி அடுக்குகளின் நடு அச்சில் ஒவ்வொன்றாக வையுங்கள். அடியிலிருந்து 20 செ.மீ. விட்டுத் தொடங்கி, மேலே 20 செ.மீ. இருக்கும்போது நிறுத்துங்கள். எந்தப் பொட்டலமும் உறையிலிருந்து ஒரு கையகலத்துக்கு உள்ளே இருக்க வேண்டும். பொட்டலத்தை ஓரத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பது முதல் நல்ல குத்திலேயே தெரிந்துவிடும்.

ஃபேன் கொக்கியில மாட்டிக்கலாமா? அதுவும் கம்பியில கட்டினதுதானே?

வேண்டாம். மின்விசிறி சில கிலோ எடை, ஒரே இடத்தில் தொங்குவது. பை ஊசலாடுவது. 35 கிலோ பை செங்குத்துநிலையிலிருந்து 60 பாகை விலகித் திரும்பினால், கீழ்ப்புள்ளியைக் கடக்கும்போது கொக்கியில் விழும் இழுவிசை 70 கிலோவுக்குச் சமம், அதாவது சரியாக இருமடங்கு. கீழிருந்து மேலாக அடிக்கும் அப்பர்கட்டில் பை ஒரு கணம் எழும்பிச் சங்கிலி தளர்ந்து மறுபடி வெட்டி இழுக்கும். அந்த அதிர்ச்சி இதைவிட மோசம். பையின் எடையைப்போல் நான்கைந்து மடங்கு தாங்கும் என்று குறிக்கப்பட்ட சாமான்களையே வாங்கச் சொல்வது இதனால்தான்.

ஃபேன் கொக்கி எந்தக் கம்பியில், எப்படிக் கட்டப்பட்டது என்று கூரைக்குள் எட்டிப் பார்க்க முடியாது. பக்கத்திலேயே மின்கம்பியும் ஓடும். அது பல வருடம் தாங்கியிருக்கலாம். அறுந்து விழும் நாளில் கீழே நிற்பது நீங்களோ குழந்தையோ.

அப்போ கான்கிரீட் கூரையில எப்படி மாட்டறது?

நான்கு துளை உள்ள இரும்புத் தகடும், நடுவில் வளையமும் கொண்ட கூரைத் தாங்கியை வாங்குங்கள். அதை நான்கு 10 மி.மீ. எக்ஸ்பேன்ஷன் ஆங்கர் போல்ட்டால் (இறுக்கும்போது துளைக்குள் விரிந்து கான்கிரீட்டைப் பிடிக்கும் போல்ட்) பொருத்த வேண்டும். பிளாஸ்டிக் குப்பி வைத்துத் திருகும் ஸ்க்ரூ படம் மாட்டத்தான், பைக்கு ஒருபோதும் ஆகாது. ஹேமர் டிரில்லில் ஆங்கர் பொட்டலத்தில் குறித்த அளவு பிட்டைப் போட்டு, குறித்த ஆழத்துக்குத் துளையிடுங்கள். கூரையின் மேல்பூச்சுக்குப் பலம் கிடையாது. எனவே ஆழத்தைப் பூச்சைத் தாண்டிக் கணக்கிட வேண்டும். துளைக்குள் இருக்கும் தூளை ஊதியும் பிரஷ் விட்டும் வெளியேற்றுங்கள். தூள் மிஞ்சினால் ஆங்கர் கான்கிரீட்டைப் பிடிக்காமல் தூளைத்தான் பிடிக்கும்.

துளையிடும்போது பிட் முன்னேறாமல் கிறீச்சிட்டால் கம்பியில் பட்டிருக்கிறது. அதை வெட்ட முயலாமல் தகட்டைச் சில செ.மீ. நகர்த்துங்கள். பீமின் அடிப்பக்கத்தையும் தவிர்க்கவும், முக்கியக் கம்பிகள் அங்கேதான் ஓடும். கூரை விளிம்பிலிருந்து குறைந்தது ஒரு சாண் தள்ளி வையுங்கள். நட்டை இறுக்கும்போது இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் அந்தத் துளை தோற்றது, வேறிடம் பார்க்க வேண்டும். உள்ளே வெற்றிடம் உள்ள பலகைக் கூரை, நீர் ஒழுகிக் கம்பி துருப்பிடித்த கூரை, தட்டினால் பொத்தென்று ஒலிக்கும் கூரை இவற்றில் மாட்டவே கூடாது.

மர உத்தரம் என்றால் கண்வளையப் போல்ட்டை மேலிருந்து கீழாக முழுதும் துளைத்து, மேலே அகலமான வாஷரும் நட்டும் போடுவதே உறுதி.

சங்கிலி, கொக்கி எல்லாம் பையோடயே வருதே, அது போதாதா?

விலை குறைந்த பைகளில் முதலில் தேயும் பாகம் அதுதான். கண்ணிகள் பற்றவைத்ததா என்று பாருங்கள். எஸ் வடிவத் திறந்த கொக்கி இருந்தால் எடுத்துவிட்டு, திருகி மூடும் எஃகு ஷேக்கிளோ (யு வடிவ இணைப்பு வளையம்), தாங்கும் எடை பொறித்த காரபைனரோ (வில்வைத்த வாய் தானே மூடிக்கொள்ளும் கொக்கி) போடுங்கள். சாவிக்கொத்தில் தொங்கும் அலுமினியக் காரபைனர் பார்க்க அதுபோலவே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

சுழலும் கொக்கி கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் பை சுழலும்போது நான்கு சங்கிலிகளும் முறுக்கிக்கொண்டு ஒன்றையொன்று அரைக்கும். மாதம் ஒருமுறை எல்லா இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். கண்ணியின் தடிமனில் கால்வாசி தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

கூரை உயரமா இருக்கு. சுவத்துல பிராக்கெட் போட்டா தாங்குமா?

கான்கிரீட் சுவர், கெட்டியான செங்கல் சுவர் தாங்கும். வெற்றிடக் கல், எடை குறைந்த நுரைக்கல், மெல்லிய தடுப்புச் சுவர் தாங்காது. சுவரிலிருந்து 60 செ.மீ. நீண்டிருக்கும் பிராக்கெட்டில், மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் 40 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். 35 கிலோ பை சும்மா தொங்கும்போதே மேல் போல்ட்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை 52 கிலோவுக்கு மேல். பை ஆடினால் அதுவும் இரட்டிப்பாகும். எனவே போல்ட் இடைவெளி உயரமாக உள்ள பிராக்கெட்டைத் தேர்ந்தெடுங்கள், அந்த இடைவெளியை இருமடங்காக்கினால் பிடுங்கும் விசை பாதியாகும். செங்கல்லில் போல்ட் கல்லின் நடுவில் விழ வேண்டும், சாந்து இணைப்பில் அல்ல.

வாடகை வீடு, ஓட்டை போட முடியாது. என்ன வழி?

இரும்பு ஸ்டாண்ட் ஒன்று, தரையில் நிற்கும் பை ஒன்று. ஸ்டாண்ட் நல்ல வழிதான், ஆனால் அதன் கால்களில் எடைத்தட்டு அல்லது மணல் மூட்டை ஏற்றாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் நகரும். பின்காலில் ஏற்றும் எடை குறைந்தது பையின் எடையளவு இருக்கட்டும். ஒரே வளைகழுத்துள்ள ஸ்டாண்டைவிட இரண்டு கால் விரித்து நிற்பது உறுதி. பையைச் சுற்றிவந்து அடிக்க முடியாது என்பது இதன் குறை.

தரையில் நிற்கும் பையின் அடித்தொட்டியில் தண்ணீரோ மணலோ நிரப்புவார்கள். 80 லிட்டர் தொட்டியில் தண்ணீர் என்றால் 80 கிலோ, மணல் என்றால் சுமார் 128 கிலோ. மணலே மேல், ஆனால் நிரப்பியபின் நகர்த்த முடியாது. வைக்கும் இடத்திலேயே நிரப்புங்கள். கராத்தே, டேக்வாண்டோ வேகப் பயிற்சிக்கு இது பொருந்தும். முழு பலத்தில் தாழ்ந்த உதை உதைப்பவர் சீக்கிரமே பையைத் தொட்டியோடு இணைக்கும் கழுத்துப்பகுதியை உடைத்துவிடுவார், அவர் ஸ்டாண்டுக்கே போகலாம்.

எவ்வளவு உயரத்துல தொங்கணும்? எவ்வளவு இடம் வேணும்?

குத்துக்கு மட்டும் என்றால் பையின் அடி உங்கள் தொப்புளுக்கும் இடுப்புக்கும் இடையில். உதையும் சேர்ந்தால் 4 அடிப் பையின் அடி முழங்கால் உயரத்தில். 6 அடிப் பை தரையிலிருந்து ஒரு சாண் போதும். பையைச் சுற்றி ஒரு மீட்டர், சுற்றிவந்து உதைப்பவருக்கு ஒன்றரை மீட்டர் வெற்றிடம் வேண்டும். கண்ணாடி ஜன்னலும் தொலைக்காட்சியும் அந்த வட்டத்துக்குள் வரவே கூடாது.

சரியான எடைதான், ஆனாலும் பை ரொம்ப ஆடுது. ஏன்?

சங்கிலி நீளமா என்று பாருங்கள். ஊசலின் நேரம் அதன் நீளத்தைப் பொறுத்தது. கொக்கியிலிருந்து பையின் நடுவரை ஒரு மீட்டர் என்றால் போய்த் திரும்ப 2 விநாடி, இரண்டு மீட்டர் என்றால் 2.8 விநாடி. உயரமான கூரையிலிருந்து நீளச் சங்கிலியில் தொங்கும் பை மெதுவாக, வெகுதூரம் ஆடும். அப்படிப்பட்ட கூரையில் கீழே ஒரு குறுக்கு இரும்புக்குழாய் இறக்கி அதில் மாட்டுவது நல்லது. அல்லது பையின் அடிவளையத்தில் மீள்கயிறு கட்டித் தரையில் ஒரு எடைத்தட்டுடன் பிணைக்கலாம்.

இன்னொரு காரணம் அடிக்கும் முறை. கை பட்டதும் திரும்பிவிடாமல் பையிலேயே தங்கினால் அது குத்து அல்ல, தள்ளு. நல்ல குத்தில் பை அதிர்ந்து ‘டப்’ என்று ஒலிக்கும், அதிகம் விலகாது. எடையைக் கூட்டும் முன் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மேல் வீட்டுக்காரர் சத்தம்னு புகார் சொல்றார். குறைக்க முடியுமா?

குத்தின் ஒலியைவிடக் கூரை வழியே ஏறும் அதிர்வுதான் அவரை வாட்டுகிறது. தாங்கிக்கும் சங்கிலிக்கும் நடுவில் பஞ்சிங் பேக்குக்கென்றே வரும் சுருள்வில்லை மாட்டுங்கள். அது பையின் எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், மெல்லியது என்றால் முழுதாக நீண்டு பயனற்றுப்போகும். சங்கிலிக்குப் பதில் தடித்த நைலான் பட்டை போட்டால் சலசலப்பு நிற்கும். தகட்டுக்கும் கூரைக்கும் நடுவே மெல்லிய ரப்பர் விரிப்பு வைக்கலாம், ஆனால் தடித்தது வைத்தால் போல்ட்டின் பிடி தளரும். இவை அதிர்வைக் குறைக்கும், ஒழிக்காது. பயிற்சி நேரத்தை அவரிடம் பேசி முடிவு செய்துகொள்வதும் வேண்டும்.

வெறுங்கையில குத்தினாத்தான் கை உறுதியாகும்னு சொல்றாங்களே?

ஹெவி பேக்கில் வேண்டாம். முஷ்டி சற்றுத் திரும்பி விழுந்தால் சுண்டுவிரல் கணுவுக்குப் பின்னால் உள்ள உள்ளங்கை எலும்பு முறியும். கை எலும்பு முறிவுகளில் மிகச் சாதாரணமானது அது. 4.5 மீட்டர் கைக்கட்டு (கையில் சுற்றும் துணிப்பட்டை), அதன்மேல் 12 முதல் 16 அவுன்ஸ் கையுறை. 60 கிலோவுக்குக் குறைந்தவருக்கு 12, அதற்கு மேல் 14 அல்லது 16. பைக்கான பணத்தில் ஒரு பகுதியை இதற்கென்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். கையுறை இல்லாத பை ஒரு மாதத்தில் மூலையில் கிடக்கும்.

கையுறை போட்டும் மணிக்கட்டு வலித்தால் பையின் உறுதியைப் பாருங்கள். கட்டைவிரல் அழுத்தினால் ஒரு செ.மீ. கூட அமுங்காத பை புதியவருக்குக் கெட்டி. மேலே உள்ள துணியில் கொஞ்சம் எடுத்துத் தளர்த்துங்கள்.

ஆறு மாசத்துல அடிப்பக்கம் இறுகிப்போய் மேல்பக்கம் தொளதொளன்னு ஆயிடுச்சு. பை போச்சா?

போகவில்லை. எந்த உள்ளடக்கமும் இறங்கத்தான் செய்யும். பையை இறக்கி, படுக்கவைத்து உருட்டி, மரக்கட்டையால் இறுகிய பகுதியைச் சுற்றிலும் தட்டுங்கள். பிறகு தலைகீழாக ஒரு இரவு நிற்கவிடுங்கள். அதிலும் சரியாகாவிட்டால் முழுதும் கொட்டி, இறுகிய துணியைப் பிரித்து உதறி, மேலே சொன்னபடி அடுக்கடுக்காக இடித்து நிரப்ப வேண்டும். ஒரு பிற்பகல் வேலை. மணல் பொட்டலம் ஏதாவது கிழிந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள், கெட்டிப்பட்டதற்குப் பலமுறை அதுதான் காரணம்.

யாரோ பயன்படுத்தின பழைய பை மலிவா வருது. வாங்கலாமா?

உறை நன்றாக இருந்தால் வாங்கலாம், உள்ளடக்கத்துக்கு மதிப்புப் போடாதீர்கள். பட்டைத் தையல், வளையம், நெடுந்தையல் ஆகியவற்றை முன்பு சொன்னபடி பாருங்கள். மேல்மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் உள்ளே இருப்பதை எல்லாம் கொட்டிவிட்டு, உறையைக் கழுவி வெயிலில் காயவைத்துப் புதிதாக நிரப்ப வேண்டும். உறையின் நடுப்பகுதியில் மெல்லிய வெடிப்புகள் வலைபோல் ஓடினால் அது முடிந்துவிட்டது. டேப் ஒட்டினாலும் சில மாதம்தான்.

மொட்டை மாடியில நிரந்தரமா தொங்கவிடலாமா?

வெயில் பிவிசியை விறைக்க வைத்து வெடிக்கச் செய்யும், மழை தையல் துளைகள் வழியே உள்ளே இறங்கும். நனைந்த துணி பையின் எடையைத் தாறுமாறாக ஏற்றிவிடும். அப்படி ஏறிய எடைக்கு நீங்கள் போட்ட போல்ட் கணக்குப் பொருந்தாது. கூரை நிழல் இருந்தாலும் பயன்படுத்தாத நேரத்தில் நீர் புகாத மூடி போடுங்கள், அடிப்பக்கம் காற்றுப் போக விட்டுவையுங்கள். இரும்புச் சாமான் கால்வனைஸ் செய்ததாக இருக்கட்டும்.

உறை வாங்கக்கூட இப்போ காசில்ல. பழைய டயர்ல செய்யலாமா?

செய்யலாம். 10 அங்குல ஸ்கூட்டர் டயரின் வெளிவிட்டம் சுமார் 43 செ.மீ., பைக்கு ஒத்த அளவு. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நான்கு பக்கமும் துளையிட்டு 8 மி.மீ. போல்ட்டும் அகல வாஷரும் போட்டு இணையுங்கள். போல்ட் தலையும் நட்டும் உட்பக்கமே இருக்க வேண்டும், வெளியே ஒரு மி.மீ. நீட்டினாலும் கையுறையையும் காலையும் கிழிக்கும். சங்கிலியை மேல் டயரில் மட்டும் கட்டாமல் அடி டயர் வரை இறக்குங்கள். கம்பி வெளியே தெரியும் தேய்ந்த டயர்களை எடுக்காதீர்கள்.

டயர் பையில் கையுறையோடு குத்தலாம். ஓரங்கள் கெட்டியாக இருப்பதால் கணைக்காலால் உதைக்க வேண்டும் என்றால் வெளியே நுரைப்பாயும் போர்வையும் சுற்றித் தார்ப்பாய்த் துணியால் இறுகக் கட்டிக்கொள்ளுங்கள்.

நானும் பன்னிரண்டு வயசுப் பையனும் ஒரே பைல பழகலாமா?

எடையும் உயரமும் இருவருக்கும் ஒத்துவராது. 35 கிலோ எடையுள்ள பையனுக்குச் சரியானது 15 முதல் 18 கிலோ. உங்கள் பையில் அவன் முழு பலத்தில் குத்தினால் வளரும் மணிக்கட்டுக்குக் கேடு. உங்கள் பையை அவன் தொடும் அளவுக்கு இறக்கினால் உங்கள் குத்து வளையும்.

ஒரே தாங்கியில் இரண்டு பைகளை மாற்றி மாட்டுவதே குறைந்த செலவு. அவனுக்கு 3 அடி உறை ஒன்று வாங்கி, 30 செ.மீ. விட்டம் என்றால் சுமார் 64 லிட்டர், துணி மட்டும் நிரப்புங்கள். 16 முதல் 19 கிலோவில் நின்றுவிடும். மணல் பொட்டலமே வேண்டாம். சங்கிலியில் இரண்டு காரபைனர் வைத்து ஒன்றை நீளக் கண்ணியிலும் ஒன்றைக் குட்டைக் கண்ணியிலும் கோத்துவிட்டால் உயரம் மாற்ற ஒரு நிமிடம் போதும். அவனுக்கு 8 அல்லது 10 அவுன்ஸ் கையுறை, 3 மீட்டருக்குள் கைக்கட்டு. பெரிய பையைக் கழற்றி மாட்டும் வேலையை மட்டும் அவனிடம் விடாதீர்கள்.